பூஜை போட்ட நிலையும் காலர் திருப்பிய சட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வைக்கோல் பொம்மைக்கு நன்றி சொன்னேன்.

சிரிக்காதீர்கள். வெயில் மண்டைக்கு ஏறிவிடவில்லை. திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வெயில் எங்கே புதிதாக ஏறப் போகிறது? கட்டடம் கட்டும்போது கண் பட்டுவிடக் கூடாதென்று உச்சியில் ஒரு பொம்மையைக் கட்டித் தொங்க விடுவார்களே... முட்டைக் கண், முறுக்கு மீசை, யாருடையதோ ஒரு பழைய சட்டை... அந்தத் திருஷ்டி பொம்மைக்குத்தான் நன்றி சொன்னேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — பெயர் சேவியர். கட்டடம் கட்டுகிற கம்பெனியில் வேலை. விசிட்டிங் கார்டில் 'பிராஜக்ட் மேனேஜர்' என்று போட்டிருக்கும். அப்படியென்றால் என்ன வேலை என்று என் மாமியார் ஒருமுறை மகனிடமே கேட்டார். "எது தப்பாப் போனாலும் என்னையத்தாம்மா கேப்பாங்க, அதான் வேலை" என்றார் இவர். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அவர் கடைசியாக முடித்தது, வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில். முடித்தார் என்று சொல்வதை விட, ஒரு வழியாக மூச்சு வாங்கிக் கரை சேர்ந்தார் என்று சொல்லலாம்.

கதை இதுதான். மில் முதலாளிக்கு இரும்பு ஷட்டர் என்றால் ஆகாது. மில்லாகவே இருந்தாலும் தலைவாசல் என்றால் மரத்தில் நிலை இருந்தாக வேண்டும் அவருக்கு. நல்ல வேங்கை மரமாகப் பார்த்துத் தங்கவேல் ஆசாரி நிலை செய்தார். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பூஜை போட்டு, மாயாண்டி மேஸ்திரி அதைச் சுவரில் ஏற்றினார். முதலாளியம்மா தன் கையால் பூச்சூட்டினார். எல்லாருக்கும் பொங்கல் கொடுத்தார்கள். எல்லாம் அமர்க்களம்.

அதற்குப் பிறகு கோயமுத்தூரிலிருந்து சேதி வந்தது. வரப் போகிற மிஷின் முன்பு சொன்னதைவிடப் பெரிய ரகம். வாசலை அகலப்படுத்துங்கள்.

என்ன செய்திருக்க வேண்டும்? நிலையைக் கழற்றிப் பெரிதாக்கியிருக்க வேண்டும். ஆனால் அது பூஜை போட்ட நிலையாயிற்றே... முதலாளியம்மா கையால் பூச்சூட்டிய நிலையைப் பிடுங்கு என்று எந்த வாயால் சொல்வது? மேஸ்திரி சொல்வார் என்று ஆசாரி இருந்தார். சார் சொல்வார் என்று மேஸ்திரி இருந்தார். சார், அதாவது எங்கள் வீட்டுக்காரர், 'நாளைக்குச் சொல்லலாம்' என்று இருந்தார். நாளை என்பது எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி, வரும் வரும் என்று நிற்க வேண்டியதுதான்.

மிஷின் மட்டும் சொன்ன நாளில் லாரியில் வந்து இறங்கியது. வாசலில் நுழையவில்லை.

வேடசந்தூரில் மழை பெய்தால் அதையே ஒரு வாரம் பேசுவார்கள், அவ்வளவு காய்ந்த பூமி. அன்றைக்கென்று பார்த்து ஊற்றியது. வாசலுக்கு வெளியே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மிஷின் நனைய, உள்ளே சுவரை இடிக்க, துருவேறிய பாகங்களை மாற்ற ஆள் வர... திறப்பு விழா தள்ளிப் போனது. முதலாளி இவரை நிற்க வைத்துக் கத்தியதைச் சித்தாள்கள் வரை பார்த்தார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. வலித்தது வேறொன்று.

மேஸ்திரிக்குத் தாடிக்கொம்பு. ஆசாரிக்குச் சித்தையன்கோட்டை. உறவில்லை, ஒட்டில்லை. ஆனால் இவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். சாரத்தின் மேலிருந்து ஒருத்தர் "மாப்ளேய்" என்று குரல் கொடுத்தால், கீழேயிருந்து இன்னொருத்தர் என்ன வேண்டும் என்று கேட்காமலே உளியோ ஆணியோ எடுத்து நீட்டுவார். சுவர் இடிந்த அன்று அந்த 'மாப்ள' நின்றுபோனது. "மேஸ்திரிகிட்ட கேளுங்க சார்." "ஆசாரியக் கேளுங்க சார்." இவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வேலை, ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கம்பெனி இவர் பெயரைத்தான் சொல்லியிருந்தது. மேஸ்திரி, "ஆசாரி வந்தா நான் வரலை" என்றுவிட்டார். ஆசாரி அதையே திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் இல்லாமல் இவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"வேற ஆளைப் பாத்துக்கிடச் சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடியே. "எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. அடுத்த சைட்டுலயும் இதே தப்பைத்தான் செய்வேன்."

கட்டடம் என்றால் கண் விரிகிற மனிதர். போகிற வழியில் யாரோ கட்டுகிற சுவரைக்கூட ஸ்கூட்டரை நிறுத்தித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அவர் வாயில் இந்த வார்த்தை வரலாமா?

சும்மா இருக்கவில்லை, ஒரு முயற்சியும் செய்து பார்த்தார். வேலை முடிந்த மில்லிலேயே ஒரு மீட்டிங் போட்டார். டீ, வடை எல்லாம் உண்டு. "இந்த வேலையில என்னென்ன தப்பு நடந்துச்சு? மனசு விட்டுப் பேசுவோம். அப்பத்தான் அடுத்த இடத்துல நடக்காது" என்றாராம்.

வடை தீர்ந்தது. டீ தீர்ந்தது. "தப்பு ஒண்ணுமில்லைங்க சார். எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பின்னே? 'தப்பு' என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி 'யார்' என்பதுதானே... பள்ளிக்கூடத்தில் சன்னல் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து நமக்கு அது பாடம்.

இந்த நிலைமையில்தான் போன ஞாயிறு வந்தது. மில்லை முறைப்படி ஒப்படைக்கிற நாள். அதற்கு முன்னால் பொம்மையை இறக்கிவிட வேண்டும். மாதா கோயிலில் பூசை முடிந்து அப்படியே ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். சைட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. திருஷ்டி கழிக்கிற சமாச்சாரத்தில் இவர் கலந்துகொள்ள மாட்டார். தடுக்கவும் மாட்டார். ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

கயிற்றை அவிழ்த்துப் பொம்மையை இறக்கினார்கள். சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். நேர் எதிரே அந்த வாசல். இடித்துக் கட்டிய இடத்தில் மட்டும் பூச்சு வேறு நிறத்தில் இருந்தது. பூசணிக்காயும் கற்பூரமும் வரட்டுமென்று எல்லாரும் காத்திருந்தோம். மேஸ்திரி இந்த ஓரம், ஆசாரி அந்த ஓரம். ஒரு பேச்சு இல்லை.

ஆசாரி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதனிடம் சொன்னார்:

"இம்புட்டு நாளா வாசலுக்கு நேராத்தான தொங்குன? நிலை பத்தாதுன்னு உனக்குத் தெரியாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

சித்தாள் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மேஸ்திரிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். அவரும் ஆசாரியைப் பார்க்கவில்லை. பொம்மையைப் பார்த்தே பேசினார்.

"அது எப்புடிச் சொல்லும்? மஞ்ச குங்குமம் வச்ச நிலையில கை வச்சா தெய்வக் குத்தமாயிரும்னு பயந்து கெடந்துச்சு. மீசை மட்டும்தான் பெருசு."

மேஸ்திரியின் மீசையும் சின்னதில்லை. சித்தாள்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பயந்துச்சு, சரி. நிலைய நோகாமக் கழட்ட முடியுமான்னு ஆசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் ஆசாரி, பொம்மையிடம்.

"கேட்டிருக்கலாம். ஆனா ஆசாரியே டேப்பைப் பிடிச்சு அளந்து பாத்துட்டு, நமக்கெதுக்கு வம்புன்னு சுருட்டிப் பையில போட்டதையும் மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றார் மேஸ்திரி, பொம்மையிடம்.

ஆசாரியின் கை பையைத் தடவியது. "ஆமா. அதையும் பாத்துச்சு" என்றார்.

வடையும் டீயும் கொடுத்துக் கேட்டபோது வராத பேச்சு, வைக்கோலைப் பார்த்ததும் வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பொம்மையைச் சரியாகப் பார்ப்போமென்று கிட்டே போனேன்.

நீலக் கோடு போட்ட சட்டை. வெயிலில் வெளுத்திருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி... காலரைப் பார்த்ததும் பகீரென்றது. காலர் நைந்துபோனால் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பித் தைப்போமே, அப்படித் தைத்த காலர். தைத்தது நான். ஓரத்தில் நூல் தீர்ந்துபோய் வேறு கலரில் முடித்ததும் நானேதான். சிமெண்ட் துடைக்கப் பழந்துணி வேண்டும் என்று மேஸ்திரி வீட்டுக்கு வந்து கேட்டபோது, மூட்டையோடு தூக்கிக் கொடுத்திருந்தேன்.

இத்தனை நேரம் இவர்கள் திட்டிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டுக்காரரின் சட்டையை.

திரும்பினேன். இவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கோபமோ? எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

நடந்து வந்து பொம்மைக்கு எதிரில் நின்றார்.

"மேஸ்திரி பயந்தாரு, ஆசாரி ஒதுங்குனாரு. சரி. நீ என்ன செஞ்ச?" என்று அதனிடம் கேட்டார். "மாத்துன அளவு உன் கைக்குத்தான முதல்ல வந்துச்சு? முதலாளிகிட்ட நேராப் போய்ச் சொல்றதுக்குத் தைரியமில்லாம, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுனது யாரு? நீ அன்னைக்கே சொல்லியிருந்தா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டையே வந்திருக்காது."

யாரும் சிரிக்கவில்லை.

"சார்... அது பொம்மை சார்" என்றார் மேஸ்திரி, மெதுவாக.

"சட்டை என்னோடதுதான மேஸ்திரி."

மேஸ்திரியின் முகம் செத்துவிட்டது. "கேலிக்குப் போடலை சார், சத்தியமா. சைட்டுக்குத் தலைமையா இருக்கவுக மேலதான ஊர்க்கண்ணு அம்புட்டும் விழுகும். உங்க சட்டையப் போட்டு விட்டா அது வாங்கிக்கிரும், உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான்..."

"நான்தான் சார் சொன்னேன்" என்று குறுக்கே வந்தார் ஆசாரி. "மாப்ள போய் அம்மாகிட்ட வாங்கியாந்தான். அவனைக் கோவிச்சுக்கிறாதீக."

மாப்ள.

சொன்னவர் கவனிக்கவில்லை. மேஸ்திரி கவனித்தார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நானும் முந்தானையை எடுத்தேன். இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று, கடைக்கால் தோண்டிய நாளிலேயே இரண்டு பேர் யோசித்திருக்கிறார்கள். மூன்று வேளையும் அவருக்குச் சமைத்துப் போடுகிற எனக்கு அது தெரியாது. அன்றைக்கு அந்த இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கூச்சத்தில் அந்த நன்றியைப் பொம்மையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் பேச்சு தானாக ஓடியது. இன்னும் என்னென்ன தவறியது, எங்கே தண்ணீர் தேங்கியது, எந்தக் கம்பியை இரண்டு முறை வெட்டினோம்... ஒன்று விடாமல் பொம்மை தலையில் கட்டினார்கள். அது பாட்டுக்கு மீசையோடு கேட்டுக்கொண்டிருந்தது.

"இனிமே அளவு முடிவானாத்தான் மஞ்சளையே கரைக்கணும் சார்" என்றார் மேஸ்திரி.

"அப்படியும் மாறுச்சுன்னா, ஒரு கற்பூரத்தை ஏத்தி மன்னிச்சுக்க சாமின்னு சொல்லிட்டுக் கழட்டிற வேண்டியதுதான்" என்றார் ஆசாரி. "சாமி பொறுத்துக்கிரும். மிஷின் பொறுக்காது."

பூசணிக்காய் உடைந்தது. பொம்மையை மில்லுக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்குத் தூக்கிப் போய்க் கொளுத்தினார்கள். காய்ந்த வைக்கோல், நிமிஷத்தில் சாம்பல். திரும்பிப் பார்க்காமல் வர வேண்டுமாம். எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். எங்கள் வீட்டுக்காரரும்தான்.

வருகிற வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் வீடுகளில் மட்டும் பூஜை போட்ட தவறுகள் குறைவா என்ன? நல்ல நாள் பார்த்துத் தொடங்கிவிட்டோம், நாலு பேர் வாழ்த்திவிட்டார்கள் என்பதற்காகவே கழற்றாமல் வைத்திருக்கிற நிலைகள் எத்தனை... எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மிஷின் வந்து வாசலில் நிற்கிற அன்றைக்குக் கத்துகிறோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம். முடிந்ததைத் திட்டித் தீர்த்து, கற்றதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க ஓர் இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரியும் ஆசாரியும் ஒரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் அடுத்த வாரம் கடைக்கால். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார் மேஸ்திரி. "அம்மா... சாரோட பழைய சட்டை ஒண்ணு கெடைக்குமா?"

நான் பழந்துணி மூட்டையைத் தேடினேன். இவர் அதற்குள் பீரோவைத் திறந்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த சந்தனக் கலர் சட்டையை வெளியே எடுத்துவிட்டார்.

"என்னங்க, இது புதுசு."

"இருக்கட்டும். கடைசியில எனக்குப் பதிலா நின்னு திட்டு வாங்கப் போறவன். அவனுக்குக் கிழிஞ்சதையா குடுக்கிறது?"

மேஸ்திரியையும் ஆசாரியையும் காப்பி குடிக்கச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, அந்தப் புதுச் சட்டையின் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தேன்... அடையாளம் தெரிய வேண்டாமா?