கொழுந்து பறிக்கும் கைகளைப் படம் பிடித்தேன்

இலங்கையின் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தொண்ணூறுகளில் பொறியியல் பீடத்துக்குப் போய், அங்கேயே கணினி விரிவுரையாளராகவும் ஆனவன் நான். என் முதல் ஆராய்ச்சியைப் பலர் மெச்சியிருக்கிறார்கள். எனக்கு அது வெட்கம்.

இளங்கொழுந்து எது, முற்றிய இலை எது என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்க வேண்டும். அதற்குக் கொழுந்து பறிக்கும் கைகளின் வீடியோ மணிக்கணக்கில் தேவைப்பட்டது. நான் பிறந்த தோட்டத்துக்கே கெமராவோடு போனேன். எடுப்பதில் ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. தலையாட்டினேன்.

பெண்கள் தயங்கினார்கள். என் அப்பாவின் தங்கையும் அந்த மலையில்தான் வேலை செய்தார். "நம்ம அண்ணன் மகன்தானே, என்னா பயம்?" என்று அவர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டேய், எங்க மூஞ்சி விழாதுதானே?"

"விழாது அத்தை. கையும் கொழுந்தும் மட்டுந்தான்."

ஆனால் வெளிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கெமராவைத் தள்ளி, செடி வரிசையான நிரை முழுவதும் தெரிய வைத்திருந்தேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துத் துரை என்னைப் பங்களாவுக்கு அழைத்தார். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. தொலைக்காட்சியில் நான் கொடுத்த கசெட், தள்ளி வைத்த கெமராவில் எடுத்தது, ஓடியது. ஒரு பெண் நிரையை விட்டிறங்கிக் தண்ணீர் ஓடும் கானோரத்துச் செடிக்குப் பின்னால் சேலையைத் தூக்கிக் குந்துகிற இடத்தில் நிறுத்தினார்.

"இவள் ஒரு நாளைக்கு நாலு தடவை. நல்ல உதவி செய்தீர்கள்" என்றார். மலையில் கக்கூஸ் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற, கணக்கெழுதும் கிளாக்கர் சிரித்தார். துரையும் சிரித்தார். நானும் சிரித்தேன். வாயில் பிஸ்கட்டோடு சிரித்தேன்.

அந்தக் கசெட்டைக் காட்டி மூன்று பெண்களுக்கு ஒரு கிழமை முழுக்க வேலை கொடுக்கவில்லை. அத்தை அவர்களில் ஒருவர். லயத்துக்குப் போனேன். அவர் வாசலை விட்டு விலகவில்லை.

"கைய மட்டுந்தான் எடுக்குறேன்னு சொன்னீங்கதானே தம்பி?"

அத்தை என்னை 'நீங்க' என்று அழைத்தது அன்றுதான்.

கசெட்டைத் திருப்பித் தரச் சொல்லித் துரைக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பினால் இனி ஒரு தோட்டமும் உங்களை உள்ளே விடாது. முதலில் கட்டுரையை முடியுங்கள்" என்றார். கடிதத்தை அனுப்பவில்லை. கட்டுரையை அனுப்பினேன்.

அடுத்த கிழமை பெண்கள் எல்லோரும் கசெட்டைக் கேட்டு, கூடையைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்துவிட்டு மலைக்கு ஏற மறுத்தார்களாம். மூன்றாம் நாள் துரை கசெட்டைக் கொடுத்தாராம். அத்தை அதை மடுவத்து வாசலில் கல்லால் நசுக்கி, நாடாவை உருவி அடுப்பில் போட்டாராம். அத்தை மகள்தான் போனில் சொன்னாள். அங்கே வா என்று அவள் கூப்பிடவில்லை.

அந்தக் கட்டுரையை வெளிநாட்டு மாநாடொன்றில் வாசித்தேன். கைதட்டினார்கள். திரையில் பெரிதாகத் தெரிந்தவை அத்தையின் கைகள். கறை பிடித்த நகங்களைக் காட்டி, நிறவேறுபாட்டால் கணினிக்கு வரும் பிழை என்று விளக்கினேன். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோதும் பட்டியலில் அந்தக் கட்டுரையின் பெயரைத்தான் முதலில் எழுதினேன். பதவி கிடைத்தது.