அத்தை தின்ற மண்

பம்மலில் மழை பெய்தால் தோல் தொழிற்சாலைகளின் வாடை அடங்கி மண் மணக்கும். அந்த மணத்தில் அத்தை கண் செருகி நிற்பாள். பிறகு மண் அடுப்பின் ஓரத்தைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். எனக்கும் ஒரு துண்டு தருவாள். அது நாக்கில் கரையும்போது தூக்கம் வருவதுபோல் இருக்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். அந்த வருஷம் வெளுத்துக்கொண்டே போனாள். பகலெல்லாம் படுத்துக் கிடந்தாள். வயிறு மட்டும் உப்பியிருந்தது. மாதாமாதம் தனித்தட்டோடு மூலையில் உட்காருவாளே, அதுவும் நின்றுபோனது. இனி எல்லா நாளும் அவள் பக்கத்தில் படுக்கலாம் என்று எனக்குச் சந்தோஷம். அம்மா அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அதன்பின் அத்தையின் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை.

ஒருநாள் காலை அம்மா அத்தையையும் என்னையும் கிளப்பினாள். தெருமுனையிலேயே டாக்டர் இருந்தார். ஆனால் எங்களை யாருக்கும் தெரியாத சேலையூருக்குப் போகவேண்டும் என்றாள்.

“வவுத்தப் புடிச்சிக்கினு நடடா. எவனா கேட்டா வலிக்குதுன்னு சொல்லு.”

எனக்கு வலி எதுவும் இல்லை. இருந்தாலும் நன்றாகவே முனகினேன்.

“இன்னா ஆச்சு கொயந்தைக்கு?” என்றாள் எதிர்வீட்டு அக்கா.

“ராத்திரி பூரா கத்திகினு கீறான்க்கா,” என்றாள் அம்மா.

அத்தை தலைகுனிந்து பின்னால் வந்தாள். தாம்பரத்தில் பஸ் மாறும்போதும் நான் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

சேலையூர் லேடி டாக்டர் என்னை ஒதுக்கிவிட்டு அத்தையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வெளியே வந்ததும் அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்து அம்மாவுக்குக் காட்டினார். உள்ளே காகிதம்போல் வெள்ளை.

“நீங்க பயப்படறது ஒண்ணும் இல்லம்மா. வயித்துல பூச்சி. ரத்தத்தைக் குடிச்சிட்டே இருக்கு, அதான் தீட்டும் நின்னிருக்கு, மண்ணும் தின்னச் சொல்லுது. கால் வழியாத்தான் உள்ள ஏறும். ஏரிப் பக்கம் வெறுங்காலோடதான் ஒதுங்கப் போறாளா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே மூச்சில் அழுதாள்.

திரும்பி வந்தபோது, யாரும் கேட்காமலேயே தெரு முழுக்கச் சொன்னாள்: “எங்க நாத்தனாருக்கு வவுத்துல பூச்சியாம்! வெறும் பூச்சி!” அப்பா அத்தைக்குப் புதுச் செருப்பும் எல்லோருக்கும் ஜாங்கிரியும் வாங்கிவந்தார். வளர்ந்த பிறகு நான் எத்தனையோ ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பூச்சி மாத்திரை விழுங்கியிருக்கிறேன். எவரும் அதற்கு இனிப்பு கொடுத்ததில்லை.

அத்தை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அம்மா ஜாங்கிரியை நீட்டியபோது வாங்கவில்லை.

“ஒரு வார்த்த என்னாண்ட கேட்டியா அண்ணி?”

அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பா வாசலுக்குப் போய்விட்டார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் முதுகு குலுங்கியது.

மாத்திரை அவ்வளவு கசப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். என் ஜாங்கிரியில் பாதியைப் பிய்த்து, அவள் வாயருகே கொண்டுபோய், அவள் வாயைத் திறப்பாள் என்று வெகுநேரம் காத்திருந்தேன்.