எட்டு வயதில் என்னைப் பெற்ற அம்மாவும் எங்கள் கண்டிப் பயணமும்

இந்த வலைப்பூவில் கொடைக்கானல் போய் வந்ததை எழுதினாலும் சரி, குற்றாலத்தைப் பற்றி எழுதினாலும் சரி, கீழே யாராவது ஒருவர் விசா பற்றிக் கேட்டுவிடுகிறார். கனடாவுக்கு எந்த விசா நல்லது, என்னென்ன காகிதம் வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விசாப் பயணம்தான். 1961 மாசியில் மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்குப் போய் வந்தேன். காலம் மாறினாலும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் மாறவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அன்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த, இந்தியாவிலிருந்து போன பரம்பரையான எங்களுக்கு மூன்று நிலைகள். இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அம்மா அப்படித்தான் பத்து வருடமாகக் காத்திருந்தார். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துத் தற்காலிக விசாவில் இருக்கலாம். என் கணவர் ராமையா அந்த வகை. இரண்டும் இல்லாமல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளாகவும் இருக்கலாம். அது நான். இதற்கு மட்டும் படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை.

அந்தத் தையில் கணவருக்குக் கடிதம் வந்தது. விசா இனி நீடிக்கப்படாது, மூன்று மாதத்துக்குள் இந்தியா போய்விட வேண்டும். நானும் கூடப் போக வேண்டுமானால் மனைவி என்று என் பெயரை அவர் பாஸ்போர்ட்டில் சேர்க்க வேண்டும். எங்கள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதிவு கிடையாது. பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து சத்தியம் செய்தால் போதும் என்றார்கள். அப்பா இறந்துவிட்டார். ஆகவே அம்மா கிளம்பினார்.

நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து மஸ்கெலியா இரண்டு மைல், இருட்டில் மூன்று பேரும் நடந்தோம். ஐந்தேகால் பஸ். ஹட்டனுக்குப் பன்னிரண்டு மைல், ஆளுக்கு அறுபத்தைந்து சதம். கொண்டை ஊசி வளைவுகள் வருமே என்று அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். நோர்வூட்டுக்குள் பழம் தோற்றுவிட்டது. அம்மா ஜன்னல் வழியாக வெளியே குனிந்ததில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பட்டுச்சேலையின் முந்தானை மட்டும் தப்பியது. ஹட்டனில் ரயில், மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் எண்பது சதம். பேராதனைச் சந்தியில் வண்டி மாறி, கண்டி போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

இந்தியத் தூதரகத்தின் கண்டி அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். முன்னால் நின்றவர்கள் எல்லாரிடமும் அம்மா எந்தத் தோட்டம், என்ன விஷயம் என்று விசாரித்து முடித்து, அவர்களில் இருவருக்கு ஆலோசனையும் சொல்லிவிட்டார். அதில் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதைப் பின்னர் கவனித்தேன்.

எங்கள் முறை வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. "கல்யாணத்துக்கு அத்தாட்சி இருக்கா?" என்றார்.

"தாலிய எடுத்துக் காட்டு" என்று அம்மா என்னை இடித்தார்.

"தாலி கடையிலயும் கிடைக்கும்மா" என்றவர், எனக்கும் அம்மாவுக்கும் வயது எழுதித் தோட்ட ஆபீசில் கொடுத்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பொண்ணுக்கு வயசு இருபத்தெட்டு. உங்களுக்கு முப்பத்தாறு. எட்டு வயசுலயா பெத்தீங்க?"

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் பிள்ளைகள் வேலைக்குப் போனால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அரைப்பேர் விழும், அதாவது பாதிச் சம்பளம். எட்டு வயதில் எனக்குப் பன்னிரண்டு என்று சொல்லி அப்பா பேர் பதிந்துவிட்டார். அந்த நான்கு வயது கூடவே வளர்ந்தது. அம்மா கதை நேர் எதிர். மூன்று வருடத்துக்கு முன் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தபோது, ஐம்பது ஆனவர்களின் பெயரை வெட்டி வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார் என்று பேச்சு. நாற்பத்தைந்தில் இருந்த அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று முப்பத்து மூன்று என்றார். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். எங்கள் லயத்தில் வயது என்பது தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சாமான். கூட்டியதையும் குறைத்ததையும் ஒரே மேசையில் ஒருவர் வைத்துப் பார்ப்பார் என்று யார் கண்டது?

"இவளுக்கு நிசமா இருபத்திநாலுதாங்க" என்று கணவர் உண்மையைச் சொன்னார். அதிகாரி மனதுக்குள் கழித்துப் பார்த்தார்.

"அப்பவும் பன்னெண்டு வருதே."

"எங்க ஊர்ல சீக்கிரமே கல்யாணம் கட்டிருவாங்க" என்றார் அம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "இதுல ஏதோ பொய் இருக்கு. நீங்க இவங்களுக்குத் தாயேயில்லன்னு மேல இருக்கறவங்க சொல்லிட்டா உங்க சத்தியம் செல்லாது. இவர் மட்டும் கப்பல் ஏற வேண்டியதுதான். சரியான வயசச் சொல்லுங்க, எழுதி அனுப்பறேன்."

"எங்கிட்டு அனுப்புவீங்க? தோட்டத்துக்கும் போகுமா?"

"ஒரு பிரதி போகும்."

அம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை. நான் போன பிறகு அந்தக் கொழுந்துக் கூடைதான் அவருக்குச் சோறு. சரியான வயது தோட்டத்துக்குப் போனால் இன்னும் இரண்டே வருடம். "அம்மா, சும்மா இரு. வா, போயிருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கணவரும் "வேணாம் அத்தை" என்றார். எனக்குப் புருஷனும் வேண்டும், அம்மாவும் வேண்டும். அந்த மேசையில் இரண்டுக்கும் சேர்த்து இடம் இல்லை.

அம்மா என் கையை உதறினார். "நாப்பத்தெட்டு. எழுதிக்கங்க. இருவத்திநாலு வயசுல பெத்தேன், ஒத்தப் புள்ள. எங்க பெருவிரல வைக்கணும்?"

திரும்பும் வழியில் அம்மா ஹட்டன் வரை தூங்கினார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. மஸ்கெலியா பஸ்ஸில் அவர் மறுபடி வாந்தி எடுத்தபோது முதுகைத் தடவிக்கொண்டே நான் அழுதேன். "வாந்தி எடுக்குறது நானு, அழுவுறது நீயா?" என்றார்.

விசாவுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனைகள்: எல்லாக் காகிதங்களிலும் பிறந்த வருடம் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே கழித்துப் பாருங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். வரிசையில் நிற்கிறவர் இலவசமாகத் தரும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். மலைப் பாதையில் போவதானால் வெறும் வயிற்றோடு கிளம்புங்கள், இரவல் சேலை வேண்டாம். நீங்கள் போவதற்காக ஊரில் இருப்பவர் என்ன எழுதிக் கொடுக்கிறார் என்பதையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

நாங்கள் சித்திரையில் துறையூர் வந்து சேர்ந்தோம். இரண்டு வருடம் கழித்து அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பெயரை வெட்டிவிட்டார்களாம். பக்கத்துத் தோட்டத்தில் பேர் பதியாமல், அன்றன்றைக்குக் கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறாராம். கடைசியில் இப்படி இருந்தது: "பன்னெண்டு வயச இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தேன்னு கிளாக்கர் ஐயா சத்தம் போட்டாரு. இப்ப எங்கிட்ட இல்லீங்க, மக கப்பலேறும்போது குடுத்து அனுப்பிட்டேன்னு சொன்னேன்."