ரோஸ்லின் கண் விழித்த மதியம்

போன மாதம் ஒரு நாள், என் தம்பி அந்தோணி ஆஸ்பத்திரியில் சுத்தமான தமிழ் பேசினான்!

வடசென்னை ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். மயக்க மருந்து டாக்டர் வந்ததும் எழுந்து நின்று, "குழந்தைக்கு... ஆபத்து ஏதேனும்... உள்ளதா?" என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினான்.

குழந்தை என்றால் அவன் மகள் ரோஸ்லின். எட்டு வயது. அவளுக்கு அபூர்வமான ஒரு வகை வலிப்பு. லேசாக ஜுரம் அடித்தாலே வந்துவிடும். அப்போது சொத்தைப் பற்கள் சீழ் பிடித்து, சாப்பாடே இறங்கவில்லை. பிடுங்க வேண்டுமென்றால் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். இந்தக் குழந்தைக்கா? இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

இந்த டாக்டர் மட்டும்தான் "செய்யலாம்" என்றார். சின்ன வயதுப் பெண். அந்தோணியின் தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"அண்ணே, நான் வியாசர்பாடி, எம்.கே.பி. நகர். நம்ம பேச்சுலயே கேளுங்க."

அவ்வளவுதான்... தம்பி உடைந்துவிட்டான். "தூங்க வெச்சிட்டு, பாப்பா எழுந்துக்கலன்னா இன்னா டாக்டர் பண்றது?"

எங்கள் எல்லோர் தொண்டையிலும் நின்ற கேள்வி அதுதானே?

"ரிஸ்க்கே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேண்ணே. வலிப்பு வரலாம். வந்தா நிறுத்த மருந்து ரெடியா கீது. அவ கண்ணு முழிக்கிற வரிக்கும் நான் பக்கத்துலயே கீறேன்."

மறுநாள் அந்தோணியையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப் போனார். அப்பாவின் விரலைப் பிடித்தபடியே ரோஸ்லின் தூங்கிப்போனாள். பல் வேலை நல்லபடியாக முடிந்தது.

மயக்கம் தெளியும்போது வந்துவிட்டது – வலிப்பு.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பதறவில்லை. ஊசி மருந்தை ஏற்றினார். ஒரு கையால் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் நெற்றியில் வைத்தபடி நின்றார். துடிப்பு அடங்கியது. அடங்கிய பிறகும் நகரவில்லை. சாப்பிடக்கூடப் போகவில்லை.

மதியம் ரோஸ்லின் மெல்லக் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். "நைனா... வூட்டுக்குப் போலாம்."

அந்தோணி சுவரில் முகத்தை வைத்து அழுதான்.

வடசென்னை என்றால் என்ன பேசுவார்கள்? ரவுடி, புகை, குப்பை... பேசிவிட்டுப் போகட்டும். எங்கள் பிள்ளையைத் தூங்கவைத்துப் பத்திரமாக எழுப்பித் தந்தவர் வியாசர்பாடிப் பெண். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்!

இந்த ஞாயிறு தம்பி வீட்டில் நண்டுக் குழம்பு. ரோஸ்லின் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அத்தை எனக்குக் கிடைத்தது வெறும் குழம்புதான்!