அப்பாவின் புதன்கிழமை

எங்கள் குவார்ட்டர்ஸில் கடல் என்றால் அது சமையலறைக் கதவில் மாட்டியிருந்த தினசரி காலண்டர்தான். நிஜக் கடலை நான் இரண்டே தடவை பார்த்திருந்தேன். இரண்டும் மாசி மகத்துக்கு, கூட்டத்தில் மாட்டிக்கொண்டு. ஆனால் தேவனாம்பட்டினத்தில் ஆறு கடலில் சேருகிற இடத்தில் என்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எப்போது வற்றும் என்று கேட்டால், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிடுவேன். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு உருப்படியாக வந்த ஒரே கணக்கு அதுதான்.

அண்ணன் அங்கே போய்த் தூண்டில் போடுவான். கொடுவா மீன் என்றால் அவனுக்குப் பைத்தியம். அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் காலை எட்டரைக்குத் தண்ணீர் நிறையும். அதற்கப்புறம் நாளுக்கு இரண்டு நாழிகை, அதாவது முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலே, தள்ளிப் போகும். நிறைவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் கொடுவா இரை எடுக்கும். பங்குனியில் பத்து மணிக்கு மேல் தெற்கத்திக் காற்று எழும்பிவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னால் கிளம்பவே வேண்டாம். இவ்வளவுதான் விஷயம்.

இதில் பாதிகூட எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. தண்ணீர் நன்றாக ஏறுகிற அமாவாசையன்று அம்மா மீனை வாசற்படி தாண்ட விடமாட்டாள். மறுநாள் பிரதமை, எங்கள் வீட்டில் பாட்டிமை என்பார்கள், எதையும் தொடங்கக் கூடாது. வெள்ளி ஆகாது, சனி ஆகாது, கிருத்திகை ஆகாது, புரட்டாசியில் முழு மாதமும் ஆகாது. இதெல்லாம் தாண்டி ஒரு நாள் தேறினால் அன்றைக்கு அப்பாவுக்கு டூட்டி. அப்பா நிலக்கரி மைன்ஸில், கரி ஓடுகிற பெல்ட் செக்‌ஷனில் இருக்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் இரவு. வார ஆஃபும் ஒரே நாளில் வராது. காலண்டரைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றாத மாதமே இல்லை.

அப்பாவுக்கு ஆஃப் எப்போது என்று அண்ணன் எதற்குப் பார்க்க வேண்டும்? அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். அவன் ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுவிட்டு காண்ட்ராக்டில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எல்லாவற்றையும் என் மூலமாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். சோப்பு தீர்ந்துபோனதுகூட என் வழியாகத்தான் போகும். "மீன் புடிக்கறப்ப பேச வேண்டியதில்ல. பக்கத்துல குந்தினு இருந்தா போதும்" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். பதினொரு தடவை நாள் குறித்தான். பதினொரு தடவையும் நான்தான் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு தடவைகூடப் போகவில்லை.

போன வைகாசியில் அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். இருபத்து நாலு வயது. எடுக்கிற அன்றைக்கு அம்மா பிளாக்கே கேட்கிற மாதிரி அப்பாவைப் பார்த்து, பிள்ளை கூப்பிட்ட கூப்பிட்டுக்கு ஒரு நாள் போயிருப்பியா என்று கேட்டாள். அதற்கப்புறம் வந்த மாதங்களில் அவள் அதைக் கேட்காத நாள் கிடையாது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் அப்பா, அண்ணன் போய் ஒரு வருஷம் முடிவதற்குள் அவன் படத்துக்கு முன்னால் ஒரு கொடுவா வைத்துப் படைக்கலாம் என்றார். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை.

"கடையில வாங்கியாந்து வைக்கறதுன்னா நானே வச்சுக்குவேன். நீ போய் புடிச்சாந்து வை."

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு இப்போது கடல் பைத்தியம். பரணிலிருந்து அண்ணனின் தூண்டிலை இறக்கி நைலான் நரம்பில் இருந்த சிக்கலை உட்கார்ந்து பிரித்தார். மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்திலும், இன்றைக்கு எத்தனை மணிக்கு ஏற்றம் என்று கேட்பார். டூட்டியில் இருக்கப்போகிறவருக்கு ஏற்றம் எதற்கு? வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, காற்று திரும்பிவிட்டது என்பார். கடல் இருக்கிறது இருபது மைல் தள்ளி. இங்கே அடிக்கிற காற்றில் மைன்ஸ் தூசிதான் வரும். எனக்கு வருகிற ஆத்திரத்தில், இதையெல்லாம் அவன் இருக்கிறபோது பார்த்திருக்கக் கூடாதா என்று நாக்கு நுனி வரை வரும். அம்மா தினமும் கேட்கிறாளே என்று விழுங்கிக்கொள்வேன்.

மாசியில் தண்ணீர் கணக்குக்கு இரண்டு நாள் ஒத்துவந்தது. ஒன்று வெள்ளிக்கிழமையில் விழுந்தது. இன்னொன்றுக்கு அப்பாவை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வராமல் அவரே அடுத்த ஷிப்டும் பார்த்தார். வருஷம் முடிய இரண்டே மாதம் இருந்தது. பங்குனியில்தான் ஒரு நாள் சரியாக உட்கார்ந்தது. திங்கள் அமாவாசை, செவ்வாய் பாட்டிமை, புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் நிறையும். அப்பாவுக்கும் புதன்கிழமை ஆஃப். வியாழன் கிருத்திகை, அதனால் புதனை விட்டால் கிடையாது. புதன்கிழமை விடியற்காலம் முதல் பஸ் என்று அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை, கூடையோடு பஸ்ஸில் வருகிற மீன்கார அம்மாவிடம் இரைக்கு இறால் வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"கடலூருலேர்ந்து நான் மாங்கு மாங்குனு தூக்கியாந்த எறாவ நீ திருப்பி கடலூருக்கே எடுத்துனு போறியா? நல்லா இருக்குதும்மா ஒங்க பொழப்பு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறாலை ஈரத்துணியில் சுற்றி, பானைக்குப் பக்கத்தில் வைத்து, விடியற்காலத்துக்குப் புளிச்சோறும் கிளறிவிட்டு நிமிர்ந்தேன். இரவு எட்டரை இருக்கும். அப்பா யூனிபாரத்தோடு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது தடவை. அண்ணன் இருந்தால் இந்த இடத்தில் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, "பார்த்தியா, டூட்டிக்குப் போறாரு பாரு" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வான். அவன் இல்லாததால் நானே நேராகக் கேட்டேன்.

"எங்கப்பா கெளம்பிட்ட?"

"டூட்டிக்கு."

"விடிஞ்சா கடலூர் போவணுமே."

"அது புதங்கெழம இல்ல?"

"விடிஞ்சா புதன்தானே."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் இன்னிக்கு நைட்டு பார்த்துட்டு வந்து, தூங்கி எந்திரிச்சாதான் எனக்கு புதன். அன்னிக்கு நைட்டு ஆஃபு. அந்த ஆஃபு முடிஞ்சு விடியறதுதான் புதங்கெழம விடியக்காலம்."

"அது வியாழக்கெழமப்பா."

"ஒனக்கு வியாழன்."

இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான். எந்த நாளில் டூட்டிக்கு ஏறினார்களோ, வெளியே வந்து தூங்கி எழுகிற வரைக்கும் அதே நாள்தான். டூட்டி அட்டையில் பதிவதும் அப்படித்தான். எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. விடியற்காலத்தை எந்தக் கிழமையில் சேர்ப்பார்கள் என்று யோசிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

"ஒங்கண்ணனும் இப்பிடித்தான்" என்றார் அப்பா. "புதன்னு ஒங்கிட்ட சொல்லி அனுப்புவான். நான் எந்திரிச்சுப் பார்த்தா, எனக்கு முன்னாடியே போய் மீனு புடிச்சாந்து கொழம்பும் கொதிக்கும். என்னை வாணாம்னு விட்டுட்டுப் போய் புடிச்ச மீன நான் எப்பிடித் தின்றது?"

எனக்கு அந்தக் குழம்பு ஞாபகம் வந்தது. ஆடி மாதம். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டார். எவ்வளவு திமிர் என்று அம்மா திட்டினாள். நானும் மனதுக்குள் திட்டினேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

"எத்தினி தடவப்பா அப்பிடி?"

"மூணு. நைட்டு வாரத்துலதான்."

மீதி எட்டும் நிஜமாகவே மழை, ஓவர்டைம், அப்பாவின் வீம்பு. அதையெல்லாம் நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் இந்த மூன்று தடவையும் அண்ணன் ஒரு விடியலில் காத்திருந்தான், அப்பா அடுத்த விடியலில் கிளம்பத் தயாராக இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்தது என் வாய்தான். எந்த விடியற்காலம் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். நான் சோப்பைச் சொல்கிற மாதிரியே இதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

உள்ளே இருந்து அம்மா, வியாழன் கிருத்திகை, நினைவிருக்கட்டும் என்றாள். ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காலையில் டூட்டி முடிந்து நேராக வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா போனார்.

வந்தார். ஏழு மணிக்கு, கண் இமையிலெல்லாம் கரித்தூள் ஒட்டியிருக்க, நின்றபடியே காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் வடலூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கூட்டத்தில் இறால் வாடை. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் வழியே வெயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, மணலில் நடந்து முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தடிக்கப் பத்து நிமிஷம். தண்ணீர் நிறைந்து, ஆடாமல் நின்றது. எனக்கு அது நான் அடுப்படியில் போட்ட கணக்குப்படியே நின்றதில் ஒரு அழுகை வந்தது.

அங்கே வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் முடிஞ்சு பந்தி எடுத்தப்புறம் வந்துகிறீங்களே" என்றார். இனிமேல் வற்றத்தில் கொடுவா கிடைக்காது என்றும் சொன்னார். எனக்குத் தெரியும் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு இறாலைக் குத்தத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அண்ணன் செய்வதை நான் பார்த்ததே இல்லையே, எனக்குத் தெரிந்ததெல்லாம் நேரம் மட்டும்தான். இரண்டு பேரும் விரலில் குத்திக்கொண்டோம். ஒருவழியாக வீசிவிட்டு, அப்பா நரம்பைக் கையில் நாலு சுற்று சுற்றிக்கொண்டு மணலில் குந்தினார். குந்தியபடியே தூங்கிப்போனார். காற்று எழும்பியது. தண்ணீர் வெளியே இழுக்க ஆரம்பித்தது. எழுப்பலாமா, அடிக்கலாமா என்று எனக்கு ஆத்திரம். பக்கத்தில் குந்தினேன்.

பதினொன்றரைக்கு அவர் கை வெடுக்கென்று ஆடியது. தூக்கத்திலேயே இழுத்துவிட்டார். வந்தது ஒரு கிழங்கான், என் கைக்கு ஒரு சாண்கூட இருக்காது. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு அதையே பார்த்தார்.

"இதுவா கொடுவா?"

"கெழங்கான்பா."

"அவன் தின்னுவானா?"

"தின்னுவான்" என்றேன். அவனுக்குப் பிடிக்கும்தான். ஆனால் இவ்வளவு சின்னதாக இருந்தால் திருப்பித் தண்ணீரில் விட்டுவிடுவேன் என்று சொல்வான். அதை நான் சொல்லவில்லை.

வரும் வழியில் துறைமுகத்தில் ஒரு கொடுவா வாங்கிவிடலாமா என்று அப்பா ஒரு தடவை கேட்டார். நான் பஸ் நிற்கிற பக்கம் பார்த்து நடந்தேன். அவரும் விட்டுவிட்டார். பஸ்ஸில், அந்த மூன்று தடவையும் என்ன நடந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். சொன்னால் அவரைத் திட்டுவது கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன்.

"வாணாம்" என்றார். "அப்பறம் ஒன்னப் புடிச்சுக்குவா. நான் பழகிட்டேன்."

வீட்டில் அம்மா மீனைச் சுற்றியிருந்த இலையைப் பிரித்துப் பார்த்தாள். இதற்கா இத்தனை காலண்டர் என்று கேட்டாள். பிறகு அந்த ஒரு மீனுக்குத் தனியாக மசாலா அரைத்து, அது உடைந்துவிடாமல் இரண்டு கரண்டி போட்டுத் திருப்பினாள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு வைத்து, விளக்கேற்றினோம். வைக்க வேண்டியவர் உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போய் உலுக்கினேன். எழுந்து உட்கார்ந்து, ஜன்னலில் மங்குகிற வெளிச்சத்தைப் பார்த்து, விடிகிறதா சாய்கிறதா என்று தெரியாமல் விழித்தார்.

"இன்னிக்கு என்னா கெழம?"

"புதன்" என்றாள் அம்மா, விளக்கைத் தூண்டிக்கொண்டே.

"இன்னுமா?" என்றார் அப்பா. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மீனை இரண்டு கையாலும் எடுத்து அண்ணன் இலையில் வைத்தார். அப்புறம் இலைக்குப் பக்கத்திலேயே குந்தினார்.