தோளில் விழுந்த திருநீறு

போன ஞாயிற்றுக்கிழமை முகப்பேரில் என் தங்கை வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பிரச்னை... ஒரு சட்டை.

சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷனுக்காக மகனுக்கு ஆசை ஆசையாகக் கறுப்புச் சட்டை வாங்கி வந்திருக்கிறாள். பத்தாவது படிக்கும் அந்தப் பிள்ளை அதைத் தொடவே மாட்டேன் என்கிறான்.

"நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேண்ணா. போன வருஷம் இதே கலர் வேணும்னு அழுதவன்தான் இவன்" என்று புலம்பினாள்.

பையனைப் பார்த்தேன். ஜன்னலோரம் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சொறிந்த கையோடு தோளையும் ஒரு தட்டு தட்டிவிட்டான். எனக்குப் புரிந்துவிட்டது. "பேசாம வெள்ளைச் சட்டையா மாத்திட்டு வா" என்று தங்கையை அனுப்பிவிட்டு, அவனை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய் ஒரு கதை சொன்னேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாத கதை. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், மானம் போனால் போகட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பு. நான் பத்தாவது. என் தலையில் பொடுகு... கொஞ்சநஞ்சமல்ல, குனிந்தால் கொட்டும். பள்ளியில் பிழைத்துக்கொண்டேன், ஏனென்றால் சீருடை வெள்ளைச் சட்டை. ஆனால் சாயங்காலக் கணக்கு டியூஷனுக்கு? அப்பா தொழிற்சாலை சொசைட்டியில் கருநீலத் துணியை மொத்தமாக எடுத்து, அண்ணனுக்கும் எனக்கும் ஆளுக்கு இரண்டு சட்டை தைத்துவிட்டார். வேறு நல்ல சட்டை கிடையாது.

டியூஷன் பூந்தமல்லியில், மாஸ்டர் வீட்டு மாடியில். பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்காரும் இடம். முதல் வாரமே பின்னாலிருந்து செல்வம் கேட்டுவிட்டான்.

"இன்னாடா, தோள் பூரா வெள்ளையா கீது?"

அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்த ஒரு நொடியில் மூளை என்ன செய்தது தெரியுமா?

"திருநீறுடா. திருவேற்காடு கோயில்லேர்ந்து நேரா வர்றேன்."

சொன்னேன். நம்பினார்கள். அங்கிருந்து திருவேற்காடு ஓர் எட்டுதான், ஏன் நம்ப மாட்டார்கள்?

ஆனால் பொடுகு ஒரு நாளோடு நிற்குமா? தினமும் கொட்டியது. அதனால் தினமும் நான் கோயிலுக்குப் போனவன் ஆனேன். நெற்றியில் பட்டை, சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம். சந்தேகம் வராமலிருக்கத் தலையிலும் கொஞ்சம் தூவிக்கொண்டேன். அது போய் உச்சந்தலையை இன்னும் காயவைத்தது. மாஸ்டர் என்னைக் காட்டி, "பக்தியும் வேணும், படிப்பும் வேணும், இவனப் பாருங்க" என்றார். செல்வம் தன் கணக்குப் பரீட்சைக்கு என்னிடம் வேண்டுதல் கொடுத்தான். விஷயம் குடியிருப்பு வரைக்கும் எட்டி, அம்மா பயந்தே போனாள். பையன் சாமியாராகப் போய்விடுவானோ என்று அப்பாவிடம் ரகசியமாக அழுததை நான் என் காதால் கேட்டேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. வைத்தியம் பார்த்தால் நோய் வெளியே தெரிந்துவிடுமே. அரிப்பில் தூக்கம் கெட்டது. எல்லாவற்றையும் பக்தி என்று சொல்லிச் சமாளித்த என்னால் அந்த அரிப்பை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. தனியாக இருக்கும்போது அழுதிருக்கிறேன். பதினைந்து வயதில் அது சின்ன விஷயமே இல்லை.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் வந்தது வினை. எனக்கு வலப்பக்கம் உட்காரும் மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு கணக்கு. பயமா இருக்கு. கொஞ்சம் திருநீறு எடுத்துக்கறேன்" என்றாள். எடுத்துக்கொள்ளக் கை நீட்டியது பொட்டலத்தை நோக்கி அல்ல. என் தோளை நோக்கி.

தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாமல் நெற்றியில் வைத்துக்கொண்டால்... அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

அவள் விரல் தொடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளைப் பட்பட்டென்று தட்டிவிட்டது. நசீர். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருப்பவரின் மகன், அதிகம் பேசாதவன், எப்போதும் வெள்ளைத் தொப்பியோடு வருபவன்.

"தோள்ல உயுந்தத எடுத்து நெத்தில வெக்கக் கூடாதுமா. எங்க பக்கத்து ஊட்ல சொல்லுவாங்கோ. பொட்டலத்துலேந்து குடு மச்சான்."

பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். மல்லிகா பூசிக்கொண்டாள்.

டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை நசீர் கூடவே நடந்து வந்தான். கூட்டம் குறைந்த இடத்தில் மெதுவாகக் கேட்டான்.

"எவ்ளோ நாளா கீது?"

"எது?"

"பொடுகுதான் மச்சான்."

பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் தன் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினான். என்னுடையதைவிட மோசம்.

"நீ திருநீறு பூசிக்கினு கீற. நான் தொப்பி போட்டுக்கினு கீறேன். எங்க அத்தா கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுறாரு, புள்ள தொப்பியக் கழட்டவே மாட்றான்னு. எனுக்கு அழுகையா வருது."

நடுரோட்டில் நின்று இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வந்தது சிரித்ததால் மட்டும் வந்த தண்ணீர் அல்ல. இத்தனை மாதம் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

பரீட்சை முடிந்த மறுநாள் இருவரும் ஜோடி போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் ஒரு தலையைப் பார்த்தார், அடுத்த தலையையும் பார்த்தார். "இதுக்காப்பா இவ்வளவு நாள் ஒளிஞ்சீங்க? இந்த வயசுல பாதிப் பேருக்கு வர்றதுதான்" என்று ஒரே சீட்டில் இருவருக்கும் மருந்து எழுதினார். மூன்று வாரத்தில் அடங்கியது. நான் கோயிலுக்குப் போவதும் குறைந்தது. அம்மா நிம்மதியானாள்.

இதை அப்படியே சொன்னேன். தங்கை மகன் என்னை நிமிர்ந்து பார்த்து, "டாக்டர்கிட்ட நீங்க வரீங்களா மாமா? அம்மா வேணாம்" என்றான். நாளைக்குப் போகிறோம்.

உங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பையன் திடீரென்று பக்திமானாகிவிட்டால் சந்தோஷப்படுங்கள்... அப்படியே அவன் தலையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.