இரண்டு கார்டு போட்ட கம்ப்யூட்டர்

போன வாரம் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைப்பதற்காகத் திறந்தார்கள். சூடேறிய தூசியின் வாடை குப்பென்று அடித்தது. பக்கத்து மேஜைக்காரி மூக்கைச் சுளித்ததோடு சரி. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். எங்கள் வீட்டு வாடை அது.

பழவேற்காட்டைத் தாண்டி ஏரியோரக் குப்பம் எங்களுடையது. நான் பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறேன் என்று நைனா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். எனக்காக வாங்கியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மானிட்டருக்குப் பூவேலை செய்த துணி உறைகூடத் தைத்துப் போட்டிருந்தேன். என் அந்த நாளைய ரசனையை நீங்கள் மன்னிக்க வேண்டும். முதலில் போனது அந்த உறைதான். பெரியண்ணன் அதில் கை துடைத்தான்.

பெரியண்ணன் நைனாவோடு ஏரிக்குப் போகிறவன். சின்னண்ணனுக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை. இரண்டு பேருக்கும் துப்பாக்கி விளையாட்டுப் பைத்தியம். சாப்பிட்ட கையோடு வந்து உட்காருவார்கள். கீபோர்டில் பாதி எழுத்து மஞ்சள். ஒருநாள் அதன் இடுக்கிலிருந்து நெத்திலி முள் எடுத்தேன்.

விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறதென்று பெரியண்ணன் சென்னைக்குப் போய் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். அவனுக்குச் சளைக்கக் கூடாதென்று சின்னண்ணன் யாரோ கழித்துப்போட்ட இன்னொன்றைக் கொண்டுவந்தான். வேறு கம்பெனி, வேறு வயசு, அளவும் வேறு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் செருகினார்கள். இரண்டும் சேராது, விளையாட்டு ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று கல்லூரித் தோழி சொன்னதை நானும் சொல்லிப் பார்த்தேன்.

"போட்டுல ரெண்டு இன்ஜின் போட்டா வேகமா போவல? அத்த மாதிரிதான். நீ போயி உன் வேலயப் பாரு" என்றான் சின்னண்ணன்.

வேகம் கூடவில்லை, சண்டைதான் கூடியது. யாருடைய கார்டு உழைக்கிறது என்று சண்டை. மானிட்டர் வயரை இவன் பிடுங்கித் தன் கார்டில் செருகுவான், அவன் வந்து பிடுங்குவான். சூடு தாங்காமல் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தார்கள். உப்புக்காற்றும் கருவாட்டுத் தூசியும் உள்ளே புகுந்தன. கரப்பான்கள் குடிவந்து, அங்கேயே வெந்தும் போயின. அந்த வாடையில் உட்கார்ந்துதான் என் கடைசி வருஷ ப்ராஜெக்டை அடித்தேன். ஏரி நண்டு எத்தனை கை மாறிச் சந்தைக்குப் போகிறது என்பது விஷயம். நண்டு விற்கிற பெண்களோடு வெயிலில் நின்று கேட்டுக் கேட்டு எழுதியது.

ஒரு மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்தால் திரை புதுசாகப் பளிச்சென்றிருந்தது. என் ஃபைல் இல்லை. இரண்டு கார்டுகளையும் இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று மோதி, நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம். சின்னண்ணன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றியிருக்கிறான்.

"என் ப்ராஜெக்ட் இன்னா ஆச்சு?"

"ஃபார்மட் பண்ணா எல்லாந்தான் போவும். இப்ப சூப்பரா ஓடுது பாரு."

பெரியண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் அருவருப்பு வந்துவிட்டது. அவர்கள் கை கழுவப் போன நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி இரண்டு கார்டுகளையும் கழற்றினேன். விசிறியில் கரப்பான் கால்கள் ஒட்டியிருந்தன. சாப்பிட வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு தட்டில் ஆளுக்கொரு கார்டை வைத்து, மேலே இறால் குழம்பை ஊற்றினேன்.

நைனா தட்டுகளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"எனக்கு சோறு போடும்மா" என்றார்.

போட்டேன்.

நண்டுக்காரப் பெண்களிடம் மறுபடி போனேன். இன்னா இதையே திரும்பக் கேக்குற என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார்கள். கல்லூரி லேபில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்து, பாஸும் ஆனேன்.

கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போயிற்று. நைனா இறந்துபோனபிறகு, அவருடைய மீன்பிடி போட்டு யாருக்கு என்று அண்ணன்கள் முட்டிக்கொண்டார்கள். பெரியவன் குப்பத்தில், சின்னவன் மீஞ்சூரில். ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. அவரவர் செல்போனைக் குனிந்து பார்த்தபடி அதே மாதிரி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய நாட்களை நினைத்து எல்லாரும் உருகுகிறார்கள், எனக்கு அப்படி ஒன்றும் உருகவில்லை. முன்பெல்லாம் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் நிற்கவைத்து ஒரே மூச்சில் திட்டுவேன். இப்போது அதே திட்டை ஆளுக்கொரு போன் போட்டுத் தனித்தனியாகத் திட்ட வேண்டியிருக்கிறது.